பாய்லருக்கு எண்ணெய்க் குளியல்

புகையைக் குறைக்கணும், கார்பனைக் குறைக்கணும் என்று உங்க ஸ்கூலில் படம் வரைந்து ஒட்டச் சொல்கிறார்கள். கார்பன் என்ற பேரே தெரியாத காலத்தில் உங்க அப்பா நான் அதைக் குறைத்திருக்கிறேன். சிரிக்காதீங்க, நிஜம்.

எண்பதுகளின் கடைசி. படப்பை பக்கம் ஒரு சின்ன அட்டை மில்லில் எனக்கு வேலை. பழைய பேப்பரை ஊறவைத்துக் கூழாக்கி, விரித்து, ஈரத்தோடு பெரிய இரும்பு உருளைகள் மேல் ஓடவிடுவோம். உருளைக்குள் நீராவி. அந்தச் சூட்டில் அட்டை காயும். நீராவிக்கு பாய்லர், பாய்லருக்கு லாரி லாரியாக விறகு.

வேலை முடித்த நீராவி வெந்நீராகி, குழாய் வழியே மில்லுக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் தொட்டியில் விழும். ஷிப்ட் விட்டதும் முதலாளி உட்பட எல்லோருக்கும் அங்கேதான் குளியல். மார்கழிக் குளிரிலும் சுடச்சுட! மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று வீட்டுக்குப் போவோம்.

விறகு விலை ஏறிக்கொண்டே போனது. முதலாளி ஒருநாள் கூப்பிட்டு, "இப்படி எரிச்சா கட்டாதுப்பா, ராத்திரி ஷிப்டை நிறுத்தலாம்னு இருக்கேன்" என்றார். ராத்திரி ஷிப்ட் என்னுடையது. அப்போதுதான் பெருங்களத்தூரில் உங்க அம்மாவைப் பெண் பார்த்திருந்தோம். அவளோட அப்பா, அதான் உங்க தாத்தா, சொல்லிவிட்டார்: "ஷிப்ட் நிக்கப்போவுதாமே தம்பி? அது தெரிஞ்சப்புறம் தேதி குறிக்கலாம்."

முதலாளியே வேறொரு மில்லில் பார்த்துவிட்டு வழி கொண்டுவந்தார். "கொதிச்ச தண்ணியில நாம குளிக்கிறோம், பாய்லருக்குக் கிணத்துப் பச்சத்தண்ணிய ஊத்தறோம். தொட்டித் தண்ணியையே திருப்பி பாய்லருக்கு விடுவோம், இனி அதுல குளியல் கிடையாது. ஒரு நாளைக்குப் போடற விறகுல சாயங்காலம் மிஞ்சினா மூணு ஷிப்டும் ஓடட்டும்."

பைப் போட்டோம், பம்ப் வைத்தோம். சனிக்கிழமை காலை தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, முதலாளி தன் கையாலேயே பம்ப்பைப் போட்டார். எல்லோரும் கைதட்டினோம்.

கொஞ்ச நேரம்தான். பாய்லர் பார்க்கிற அண்ணன் கத்தினார்: "இன்னாடா இது, கண்ணாடிக் குழாயில தண்ணி டான்ஸ் ஆடிகினு கீது!"

ஓடிப்போய்ப் பார்த்தால் தண்ணீர் மட்டம் காட்டும் குழாய் முழுக்க நுரை. நீராவியோடு தண்ணீரும் உருளைக்குள் போய், அட்டை காயாமல் பிய்ந்து பிய்ந்து விழுந்தது. அண்ணன் அவசரமாக நெருப்பை வெளியே இழுத்துப் போட்டார். நான் தொட்டிக்கு ஓடினேன். தண்ணீர்மேல் எண்ணெய், சீயக்காய், சோப்பு நுரை!

"எவன்டா குளிச்சது?" என்று அண்ணன் சீறினார்.

பட்டை பட்டையாக விபூதியோடு முதலாளி மெதுவாகச் சொன்னார்: "பூஜை பண்ணணுமே... சனிக்கிழமை வேற... குளிக்காம எப்படிப்பா சூடம் காட்டறது?"

"அதுக்கு பாய்லருக்கும் சேர்த்து எண்ணெய் தேச்சுவுட்டீங்களே மொதலாளி!" என்றார் அண்ணன்.

முதலில் முதலாளிதான் சிரித்தார். அப்புறம் எங்களை யார் பிடிப்பது? ஒருத்தர் கூழ் வாளியைப் பிடித்துக்கொண்டு குலுங்க, இன்னொருத்தர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தேதி போச்சே!

"இன்னிக்குக் கணக்குல சேர்க்க வேணாம், நாளைக்குப் பாப்போம்" என்றார் முதலாளி. பாய்லர் ஆறியதும் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கழுவினோம். தொட்டியைத் தேங்காய் நாரால் தேய்த்தோம். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தொட்டியை முள்ளுக் கட்டி மூடி, பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஆள் உட்காரவைத்தார். "மொதலாளி துண்டோட வந்தா வுடாதே!" என்று உத்தரவு வேறு. பம்ப் ஓடியது. தண்ணீர் சூடாகவே உள்ளே போனதால் அடுப்பு பாதி நேரம் சும்மா கனன்றுகொண்டிருந்தது. புகைபோக்கியில் புகையும் மெலிந்துதான் வந்தது. நான் விறகுக் குவியலை எட்டி எட்டிப் பார்த்ததில் கழுத்து வலித்தது.

சாயங்காலம் குவியல் இடுப்பளவு மிச்சம் நின்றது. முதலாளி அதைச் சுற்றி வந்தார். "ராத்திரி ஷிப்ட் ஆளுங்க வந்துருங்கப்பா" என்றார், அவ்வளவுதான்.

ஷிப்ட் தொடங்குவதற்குள் திரும்பவேண்டும். கரி முகத்தோடு பெருங்களத்தூருக்குச் சைக்கிளை எடுத்தேன். வண்டலூர் ரோட்டில் பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டியும் ஓரம் போகவில்லை. மூச்சு வாங்கக் கதவைத் தட்டினேன். திறந்தது உங்க அம்மா.

"அப்பா வெளியே போயிருக்காரே..."

"ஷிப்ட் இருக்கு!" என்றேன்.

உங்க அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு உள்பக்கம் திரும்பி ஒரே கத்து: "அம்மா! தேதி குறிக்கலாமாம்!"