அப்பாவின் தட்டு

அம்மா பிறந்தது நமுனுகுல மலையில். அப்பாதான் சின்ன வயதில் இந்தியாவிலிருந்து இலங்கைக்குக் கப்பலேறி வந்தவர். ஆனாலும் எங்கள் பிரஜாவுரிமை மனு அப்பா பேரில்தான் போயிருந்தது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மனு முடிவதற்குள் அப்பா தன் ஊரைப் பார்த்துவர இந்தியாவுக்குப் போனார். கூடப் போன மாமா தனியாகத் திரும்பிவந்தார். அப்பா காய்ச்சலில் போய்விட்டார் என்று அடுப்படியில் வைத்துச் சொன்னார். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கரிடம் போனாள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அப்பா செத்ததைச் சொல்லாமல், சும்மா கேட்பதுபோல் கேட்டாள்.

“அவரு வராமப் போயிட்டா எங்க மனு என்னாகுங்க?”

“மனு அவற்ர பேரில. நீர் அவற்ர மனுசி எண்டுதான் அதில இருக்கிறீர். அவர் இல்லையெண்டால் நீரும் இல்லை. புதுசாப் போடவும் காலம் முடிஞ்சுது.”

அதனால் அப்பா சாகவில்லை. தாலி இறங்கவில்லை, கருமாதி நடக்கவில்லை. விடிந்ததும் அம்மா பொட்டு வைப்பாள். அதைப் பார்க்கவே எனக்குப் பயமாயிருக்கும். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் புருஷன் சாப்பிட்ட தட்டில்தான் பெண்சாதி சாப்பிடுவாள். அம்மா அப்பாவின் தட்டில் சோறு போட்டுவைத்து, அவர் சாப்பிட்டு எழுகிற நேரம்வரை காத்திருப்பாள். பிறகுதான் ஆறின சோற்றைத் தொடுவாள்.

“யாரும் பாக்கலியேம்மா” என்றேன்.

“இருக்காருன்னு நானே நெனைக்கணும்டி. இல்லாட்டி மனு விசாரணையில வாய் குளறிரும்.”

ஒருநாள் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள்: “அண்ணன் ஊர்லயிருந்து வந்துட்டாரா? விடியக்காலம் இருமுனது கேட்டுச்சே.” குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அந்த இருமல் எனக்கும் கேட்டிருந்தது. அம்மாதான் இருமுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

பதுளையில் விசாரணை நடந்தது. புருஷன் உயிரோடு இருக்கிறாரா என்று அதிகாரி கேட்டார். அம்மாவுக்கு வாய் குளறவில்லை.

“இருக்காருங்க.”

“அப்ப அவர் வரட்டும்” என்று அனுப்பிவிட்டார்.

வரவேண்டியவர் வராததால் மனு தள்ளுபடி என்று பிறகு ஒருநாள் கிளாக்கர் சொன்னார்.

அன்று மாலை அம்மா பொட்டை அழித்தாள். தாலியைக் கழற்றிச் சுவர் மாடத்தில் வைத்தாள். பிறந்த மலையிலேயே அவள் அந்நியமாகிவிட்டாள். அப்பாவின் தட்டில் சுடச்சுடச் சோறு போட்டுக்கொண்டு, காத்திருக்காமல் உட்கார்ந்தாள்.

சுவரோரத்தில் இருமல் கேட்டது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் வாய் நிறையச் சோறு இருந்தது.

விழுங்கிவிட்டு, “இருமட்டும்” என்றாள். அடுத்த கவளத்தை எடுத்தாள்.