இறங்கும்போது எரிந்த பச்சை விளக்கு

ஸ்ரீரங்கத்தில் என் தங்கை குடியிருக்கும் ஃப்ளாட்டின் செகரட்டரி, கொடியில் காயும் சட்டை மாதிரி இருப்பார். யார் வந்தாலும் முகத்தைப் பார்க்கமாட்டார், வயிற்றைத்தான் பார்ப்பார்.

"வாங்க சார்! உங்களைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்" என்றார் என் வயிற்றிடம்.

சண்டை போட்டு லிஃப்டுக்குப் புது மோட்டார் போட வைத்தவர் அவர். கனமாக ஆட்கள் இறங்கினால் அது கரண்ட் தயாரித்துக் கட்டடத்துக்கே கொடுக்கும். அப்போது லிஃப்டுக்குள் பச்சை விளக்கு எரியும். ஆனால் அங்கே எல்லாரும் ஒல்லி. இறங்கும்போது விளக்கு எரிந்ததே இல்லை. அன்று சாயங்காலம் நடக்கவிருந்த குடியிருப்போர் கூட்டத்தில் எரியவில்லையென்றால் அவர் பதவி காலி.

நான் லிஃப்டுக்குள் காலை வைத்தேன். கையை நீட்டி மறித்தார்.

"ஏறும்போது நீங்க கரண்டைச் சாப்பிட்டுடுவீங்க சார். படியில போங்க. இறங்குறப்போ லிஃப்டு உங்களுக்குத்தான்."

நாலு மாடி. மலைக்கோட்டையே தேவலை என்று தோன்றியது. அவருக்கு உதவும் நல்லெண்ணத்தில் தங்கையிடம் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் தங்கை, மாப்பிள்ளை, எதிர்வீட்டுத் தம்பதி, நடுவில் நான். கதவு மூடியது. லிஃப்டு இறங்கியது. பச்சை விளக்கு எரிந்தது!

கீழே காத்திருந்தவர்களிடம் மாப்பிள்ளை கத்திச் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். செகரட்டரி என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அடிக்கடி வாங்க சார். தயவுசெஞ்சு இளைச்சுடாதீங்க."

எடையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் திட்டும்போதெல்லாம் அந்த முகம்தான் நினைவுக்கு வருகிறது. இப்படி நம்பியிருக்கும் மனிதரை எப்படி ஏமாற்றுவது?