ஜோடியாக எண்ணிய மூச்சு

மாத்திரை அக்கா என்றால் அந்த மூன்று தெருவிலும் தெரியாதவர் கிடையாது. படிப்பு எட்டாம் வகுப்பு, லைசென்ஸ் என்ற பேச்சே இல்லை, தோளில் ஒரு பை. பதினெட்டு வருஷமாக வீடு வீடாகப் போய் மாத்திரை விற்பவள். கோபம் மட்டும் எப்போதும் மூக்குக்கு மேலே.

அவளைப் போன்றவர்களுக்குச் சுகாதார அலுவலகம் பயிற்சி வைத்தது. "தெரியாம எத்தனை பேரைக் கெடுத்திருப்பீங்களோ" என்று முதல் நாளே ஆரம்பித்தார் டாக்டர்.

"கூப்பிடு தூரத்துல ஆஸ்பத்திரி இருந்தா எங்களை எவன் சார் கூப்பிடப் போறான்?" என்று வெடித்தாள். வெடித்தாளே தவிர எழுந்து போகவில்லை. இருமுகிற கைக்குழந்தையின் மூச்சை ஒரு நிமிஷம் எண்ணு, ஐம்பதைத் தொட்டால் மருந்து விற்காதே, ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்றார்கள். எண்ணுவதில் அவளை யார் அடித்துக்கொள்ள முடியும்!

அடுத்த வாரமே தங்கை எட்டு மாதக் குழந்தையைத் தூக்கி வந்தாள். "அக்கா, ரெண்டு நாளா இருமல். பாலே குடிக்கமாட்டேங்குது."

கடிகாரத்தை வைத்து எண்ணினாள். முப்பத்தொன்று. "ஒண்ணுமில்லடி, போ" என்று அனுப்பிவிட்டாள்.

அடுத்து விற்கப் போன வீட்டில் மாத்திரை அட்டையை வெட்டும்போதுதான் கத்தரி நின்றது. காலைக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று, சேர்த்து ஒரு நாள். இரண்டு மாத்திரைக்கு ஒரு எண். பதினெட்டு வருஷமாக அப்படித்தான் எண்ணுகிறாள். குழந்தையின் மூச்சையும் அப்படியே எண்ணித் தொலைத்திருக்கிறாள்!

"அடிப் பாவி!" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டு தங்கை வீட்டுக்கு ஓடினாள். இந்த முறை வாய்விட்டு, ஒவ்வொன்றாக எண்ணினாள். அறுபத்துமூன்று. வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள்.

"மாத்திரை விக்கிறவ சொன்னா உள்ள விட்டுடணுமா? வரிசையில நில்லு" என்றாள் நர்ஸ்.

"என்னை நம்ப வேணாம்மா. நீயே எண்ணிப் பாரு!" அவள் போட்ட சத்தத்தில், பயிற்சியில் திட்டிய அதே டாக்டர் வெளியே வந்தார். எண்ண ஆரம்பித்தவர், பாதி நிமிஷத்திலேயே குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

மூன்றாம் நாள் குழந்தை பால் குடித்தது. "சரியா எண்ணிக் கொண்டுவந்தீங்க" என்றார் டாக்டர்.

"எங்க சார் சரியா எண்ணுனேன்? மொதல்ல ஜோடியா எண்ணி, ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டேன். எங்க ஆளுங்க எல்லாரும் அப்படித்தான் எண்ணுவாங்க. அடுத்த வகுப்புல எங்களைத் திட்டுறதுக்கு முன்னாடி, ஒண்ணொண்ணா எண்ணக் கத்துக்கொடுங்க."

பக்கத்தில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த தங்கைக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது.