சாந்தியிடம் கோர்ட்டில் கேட்ட கேள்வி

ஆண்டவரை நம்பிப் பிழைக்கிற என் சொந்தங்களே, எங்கள் வீட்டில் நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். இப்போதுதான் மனம் துணிந்தது.

இலங்கையில் நமுனுகுல மலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் நான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. கிறிஸ்மஸுக்கு முந்திய வாரம், அடைமழையில், எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு சரிந்தது. கடைசிக் காம்பரா, அந்த ஒற்றை அறை, எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் மண்ணுக்குள்ளே போய்விட்டார்கள். நானும், தவழ்கிற வயதில் இருந்த என் தங்கச்சி சாந்தியும், மேல் லயத்தில் தாத்தா காம்பராவில் இருந்ததால் பிழைத்தோம்.

தாத்தா என்றால் அம்மாவைப் பெற்றவர். மனைவியை முன்பே இழந்தவர். மகளைப் புதைத்துவிட்டு வந்த கையோடு சாந்திக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்தார். அழவில்லை. ஊதி ஊதிக் கொடுத்தார்.

அந்த நாளில் எங்கள் தோட்டத்தில் தொழிலாளியின் சொந்தப் பிள்ளைகளுக்குத்தான் தோட்டம் அரிசி கொடுக்கும். பேரப்பிள்ளைகளுக்கு இல்லை. கங்காணி மனம் இரங்கி, "ரெண்டையும் ஓம் புள்ளைகன்னே பதிஞ்சிருக்கேன். வாயத் தொறந்துறாத" என்றார். அன்றிலிருந்து தாத்தா எங்களுக்கு அப்பாவானார். சாந்தி பேசத் தொடங்கியபோது அவரைத்தான் அப்பா என்றாள். நான் மட்டும் தாத்தா என்றால் அவள் கேட்பாளே. நானும் மாற்றிக்கொண்டேன். முதல் நாள் அவரை அப்பா என்று கூப்பிட்டேன். என் அப்பாவிடம் மிச்சமிருந்த ஒன்றையும் எடுத்து வேறொருவருக்குக் கொடுப்பது போல இருந்தது. தேயிலைக்குள் போய் உட்கார்ந்து அழுதேன்.

லயத்தில் எல்லாருக்கும் உண்மை தெரியும். ஒருவரும் பிள்ளையிடம் சொல்லவில்லை.

தாத்தா என்னைப் படிக்க வைத்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தோட்டப் பள்ளியிலேயே உதவி வாத்தியாராகவும் சேர்ந்தேன்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்த காலம் அது. மரவள்ளிக் கிழங்குக்கும் அலைந்த பஞ்சம். அப்போது பெரியப்பாவுக்கு இந்தியா போகப் பாஸ்போர்ட் வந்தது. அப்பாவின் அண்ணன் அவர். பிள்ளை இல்லாதவர். இந்தியக் குடியுரிமைக்கு மனுப் போட்டபோது, தம்பி மகள் என்று சாந்தியின் பெயரையும் சேர்த்திருந்தார்.

"இங்க என்னத்தத் திங்குது புள்ள? எலும்பும் தோலுமா நிக்குது. நான் கூட்டிட்டுப் போறேன் மாமா" என்றார்.

"நீ போற ஊருல ஒனக்குன்னு சோறாக்கி எறக்கி வச்சிருக்கானா?" என்றார் தாத்தா.

"இப்பிடித்தான் பேசுனீங்க அன்னைக்கும். மழை விட்டுரும், விட்டுரும்னீங்க. ஒங்க பேச்சக் கேட்டுத்தான் என் தம்பி அந்தக் காம்பராவுலயே கெடந்தான்."



தொழிற்சங்கத்துக்காரர்கள் எங்களைப் பதுளையில் ஒரு லோயரிடம் அனுப்பினார்கள். அவர் காசு வாங்கவில்லை. தாத்தாவையே பாதுகாவலராக்கும்படி கோர்ட்டில் கேட்கலாம், உத்தரவு கிடைத்தால் பிள்ளை இங்கேயே இருக்கலாம், அப்பாவின் சம்பளத்தில் பிடித்து வைத்த சேமலாப நிதியும் அவள் வளர்ப்புக்குக் கிடைக்கும் என்றார். எங்களுக்கு உயிர் வந்தது.

"ஆனா ஒண்ணு பெரியவரே. அப்பான்னு சொல்லி நின்னீங்கன்னா பொய்ச்சாட்சி. தாத்தான்னு சொல்லணும். புள்ளையும் வரணும். நீதிபதி அதுகிட்டயும் கேப்பாரு" என்றார் லோயர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தாத்தா என் கையைப் பிடித்தார். "ஓங்கம்மா மண்ணுக்குள்ள போயிட்டான்னு அந்தப் புள்ளகிட்ட எந்த வாயால சொல்லுவேன்டா?"

அன்று முதல் உபவாசம் இருந்து ஜெபித்தேன். ஆண்டவரே, சாந்தி எங்களை விட்டுப் போகக் கூடாது. உண்மையும் அவளுக்குத் தெரியக் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்தே கேட்டேன். இரண்டும் எப்படி நடக்கும் என்று யோசிக்கவில்லை. என் ஜெபம் தகரக் கூரையைக்கூடத் தாண்டவில்லை என்றுதான் தோன்றியது.

கோர்ட்டுத் தவணை நாள் வந்தது. தாத்தாவால் கடைசிவரை சொல்ல முடியவில்லை. விஷயம் தெரியாத பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனோம். நீதிபதி கேட்டதைத் தமிழில் திருப்பிச் சொல்ல ஒருவர் நின்றார்.

"இவர் உனக்கு என்ன முறை, பிள்ளை?"

தாத்தா முன்னால் இருந்த தடுப்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எங்கம்மாவோட அப்பா" என்றாள் சாந்தி.

அவளே மறுபடியும் சொன்னாள். "எனக்கும் அப்பாதான்."

தாத்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் இருந்த பெரியப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார். "ஐயா, நான் கேக்கல. புள்ள அவருகிட்டயே இருக்கட்டும்" என்றார். உத்தரவு தாத்தா பக்கம் ஆனது.

வெளியே வந்ததும் சாந்தியைக் கேட்டேன். "யாரு சொன்னா ஒனக்கு?"

"நீதாண்ணே."

"நானா?"

"மழை பெஞ்சா தூக்கத்துல கத்துவல்ல. தாத்தா, அம்மாவ எடுங்க, அம்மாவ எடுங்கன்னு. காலையில எந்திரிச்சு அப்பான்னு கூப்புடுவ."

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க ரெண்டு பேரும் அழுவீங்க."

நாங்கள் அவளைக் காப்பாற்றுகிறோம் என்று இருந்தோம். அவள் எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். தெரியக் கூடாது என்று நான் கேட்டதை ஆண்டவர் தரவில்லை. நான் கேட்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிய வைத்து, அதைத் தாங்கவும் பழக்கியிருந்தார். அதனால்தான் நான் கேட்ட மற்றது கிடைத்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. பெரியப்பாவும் பெரியம்மாவும் பதுளை ஸ்டேஷனில் அழுகைக் கோச்சி ஏறினார்கள். இந்தியா போகிறவர்களின் ரயிலுக்கு எங்கள் சனம் வைத்த பெயர் அது. சாந்திக்கென்று தைத்து வைத்திருந்த பாவாடையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பெரியம்மா ஏறினார். கோச்சி நகர்ந்த பிறகும் அவர் கை ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தது. இந்தியாவில் மண்டபம் முகாமிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அப்புறம் இல்லை. எங்கள் ஜெபத்துக்குப் பதில் கிடைத்தபோது அவர்கள் மடி வெறுமையானது. இன்றும் அவர்களுக்காக ஜெபிக்காமல் நான் படுப்பதில்லை.

அப்பாவின் பணத்தில் சாந்தி பதுளைக்குப் போய்ப் படித்து வருகிறாள். போன மழைக்காலத்தில் தாத்தா கர்த்தருக்குள் நித்திரையானார். கடைசி நாட்களில் நான் அவரைத் தாத்தா என்றே கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் சிரித்தார்.

பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பயந்திருக்கிற பெரியவர்களே, முழங்காலில் நில்லுங்கள். எழுந்து பதுளைக் கோர்ட்டுக்கும் போங்கள். சட்டத்திலும் உங்களுக்கு இடம் இருக்கிறது. போகுமுன் பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். நாம் கும்பிடுகிறவர் அந்தப் பிள்ளையையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இப்போது மழை பெய்தால் நான் கத்துவதில்லை. நானும் சாந்தியும் எழுந்து உட்கார்ந்து அம்மாவைப் பற்றிப் பேசுகிறோம்.