ஆரஞ்சுச் சட்டைக்கு ஒரு பேர்

விளையாட்டுச் சட்டைகளில் பேரும் நம்பரும் அடித்துக் கொடுக்கிற தொழிலில், எழுத்து லேசாகக் கோணினால் மன்னித்துவிடுவார்கள். நிறம் பிடிக்காமல் போனால் கடைப் பக்கமே வரமாட்டார்கள். வாடிக்கையாளர்களிடம் சிக்கி முழிக்கிறவர் நீங்களும் என்றால் கொஞ்சம் உட்காருங்கள், பேசுவோம்.

வாசலில் தொங்கியது

தொழிற்சாலைகள் நிறைந்த ஒரகடத்தில் கடை திறந்த புதிது. கண்ணைப் பறிக்கட்டும் என்று ஒரு ஆரஞ்சுச் சட்டையை வாசலில் மாட்டினேன். அது ஒரு பெரிய தொழிற்சாலையின் கால்பந்து அணி நிறம் என்று யார் கண்டது? குளுகுளு பஸ்ஸில், சொந்த டாக்டரோடு வந்து இறங்குகிற அணி அது. சுற்றுவட்டாரத்தில் அதற்குப் பேரே 'ஏசி டீம்'தான்.

ஏசி டீமுக்குப் பரம எதிரியான பக்கத்து ஊர் வடக்குப்பட்டு அணிக்காகத் தொண்டை கிழியக் கத்துகிற தேவா சட்டை ஆர்டர் கொடுக்க வந்தான். வந்தவன் வெயிலிலேயே நின்றுவிட்டான். ஸ்டூலை எடுத்துப் போட்டுக் கூப்பிட்டேன். அவன் வாசலைக் கை காட்டினான்.

"அத கழட்டுண்ணா. அப்பால உள்ள வர்றேன்."

சேற்றில் பஸ்

மழை பெய்து ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. வடக்குப்பட்டோடு ஆட வந்த ஏசி டீமின் பஸ் ஏரிக்கரை மைதானத்துச் சேற்றில் புதைந்துகொண்டது. ஊரே கைகொட்டிச் சிரிக்கப் போகிறது என்று நினைத்தேன். தேவா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய்ப் பின்பக்கம் தோள் கொடுத்தான். முகமெல்லாம் சேறு. வாய் ஏசி டீமைத் திட்டிக்கொண்டே இருந்தது. உனக்கெதற்கப்பா இந்த வேலை என்று கேட்டேன்.

"தள்ளி வுடலைன்னா மேட்ச்சே வாணாம்னு திரும்பிப் போய்டுவானுங்க. அப்புறம் யாரைண்ணா தோக்கடிக்கிறது?"

நம்பர் மட்டும்

அன்றைக்குத் தோற்றது என்னவோ வடக்குப்பட்டுதான். ஒரே ஆறுதல், இசக்கி போட்ட ஒரு கோல். இசக்கி திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், கான்ட்ராக்ட் தொழிலாளி. தேவா வீட்டு மாடி ரூமில்தான் வாடகைக்கு இருந்தான். அந்தக் கோலைப் பார்த்துவிட்டு ஏசி டீம் அவனைக் கூப்பிட்டது. எங்களுக்கு ஆடினால் கம்பெனியில் நிரந்தர வேலை என்றார்கள். யார்தான் வேண்டாம் என்பார்கள்?

இசக்கி கடைக்கு வந்து, சாப்பாட்டுப் பைக்குள்ளிருந்து ஆரஞ்சுச் சட்டையை எடுத்தபோது அவன் முகம் அழாத குறையாக இருந்தது. தேவாவிடம் இன்னும் சொல்லவில்லையாம். பேரை மறைத்தால் முகத்தை எங்கே ஒளிப்பாய் என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை.

"பேரு வேண்டாம்ணே, நம்பர் மட்டும் போதும். தேவாண்ணன் ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாவன்னா நான் எங்கணே போவேன்?"

தேவா வந்தான்

கம்பெனி பஸ்களில் எந்தச் செய்தி ரகசியமாகத் தங்கியிருக்கிறது? மறுநாளே தேவா கடைக்குள் நின்றான். அப்போதுதான் நம்பர் அடித்து முடித்திருந்தேன். அவசரமாகத் துண்டைப் போட்டு மூடினேன். ஆரஞ்சு மூடினால் மறைகிற நிறமா? துண்டை விலக்கிச் சட்டையைத் திருப்பிப் பார்த்தான். கிழித்துவிடுவானோ என்று சட்டையின் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"பேரு இன்னா காணோம்?" என்றான். இசக்கி சொன்னதை அப்படியே சொன்னேன். தேவா சட்டையை மேசையில் விரித்துக் கையாலேயே சுருக்கத்தை நீவிவிட்டான்.

"பெருசா போடுண்ணா. பேரு இல்லைன்னா அவனை எப்டி கூப்ட்டுத் திட்றது?"

அடுத்த ஆட்டம்

வடக்குப்பட்டுக்கு எதிராகவே இசக்கி கோல் போட்டான். கையைத் தூக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டு நின்றான். முதுகில் நான் அடித்த பேர் கரை முழுக்கத் தெரிந்தது. கரையில் சத்தமே இல்லை. தேவா எழுந்து வாயருகே கையைக் குவித்தான்.

"டேய் இசக்கி! நாசமாப் போறவனே! அம்மா மீன் கொழம்பு வெச்சிருக்குது, நேரா வூட்டுக்கு வந்து சேரு!"

அன்றிலிருந்து நம்பர் மட்டும் போதும் என்று யார் வந்து சொன்னாலும் பேரையும் சேர்த்தே அடித்துவிடுகிறேன், திட்டு வாங்குவதற்கும் ஒரு விலாசம் வேண்டுமே!