இளவரசிக்காக அழுத ஏழுமலை

"இந்தத் தடவ ராஜா கத வேணாம் மேடம்" என்றாள் கலைவாணி.

திருவொற்றியூரில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஜெராக்ஸ் கடை. நான் கையால் கிறுக்கித் தள்ளும் காதல் நாவல்களை அங்கே டைப் செய்பவள்தான் கலைவாணி. ஆறு வருடப் பழக்கம். என் கையெழுத்து எனக்கே புரியாத இடங்களில் அவளைத்தான் கேட்பேன். ஆனால் கதையைப் பற்றி அவள் வாய் திறந்தது இதுதான் முதல் தடவை.

எனக்கோ ராஜா காலம்தான் வசதி. காதலர்களைப் பிரிக்க ஆற்றில் ஒரு வெள்ளம் போதும். இந்தக் காலத்தில்? லொகேஷன் ஷேர் செய்தால் முடிந்தது பிரிவு! போதாக்குறைக்கு, இளவரசி எந்த வழியாகக் கோட்டைக்குப் போனாள் என்று யாரும் கேட்பதில்லை. கதாநாயகியை ராயபுரத்தில் பஸ் ஏற்றிப் பாருங்கள்... 'அந்த பஸ் எண்ணூர் போகாதே மேடம்' என்று போன் வந்துவிடும்.

இதையெல்லாம் சொல்லிச் சமாளித்தேன். கலைவாணி மானிட்டரைப் பார்த்தபடியே விஷயத்தைச் சொன்னாள்.

அவளுடைய அப்பா ஏழுமலை, துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். அவள் வீட்டுக்கு எடுத்துப் போகும் புரூஃப் தாள்களை ஒரு வரி விடாமல் படிப்பவர். என் போன நாவலில் இளவரசி ஒரு படகோட்டியைக் காதலிக்க, ராஜா மறுத்துவிடுவார். அதைப் படித்துவிட்டுச் சாப்பிடாமல் அழுதாராம். அதே மனிதர், மகள் தனக்குக் கொருக்குப்பேட்டை தினேஷைப் பிடித்திருக்கிறது என்று சொன்ன நாளிலிருந்து அவளிடம் பேசுவதில்லை. தினேஷ் ஏசி மெக்கானிக். நல்ல பையன். ஆனால், 'நம்ம ஆளுங்க இல்ல.'

"ராஜா பொண்ணு லவ் பண்ணா அழுவுறாரு மேடம். நான் பண்ணா மூஞ்சியத் திருப்பிக்கினு போறாரு. நம்ம ஏரியாவுல நடக்கிற மாரி ஒண்ணு எழுதுங்களேன்."

ஒரு நாவல் ஒரு அப்பாவை மாற்றுமா? எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்லவும் வரவில்லை.

எழுதினேன். கதாநாயகிக்குக் காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரியில் வேலை. காதலனுக்கு ரயில்வே கூட்ஸ் யார்டில். அப்பாவை கிரேன் ஆபரேட்டராக்க தைரியம் வரவில்லை... போட் மெக்கானிக் ஆக்கினேன்.

அத்தியாயம் அத்தியாயமாக புரூஃப் வீட்டுக்குப் போனது. ஏழுமலை படித்தார். ஐந்தாவது அத்தியாயத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார் என்று கலைவாணி சொன்னாள். கோபத்தில் பெண்ணை வேலையை விட்டே நிறுத்திவிட்டால்?

இரண்டு வாரம் முன்பு, ஞாயிறு காலை, அவரே என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் அந்தத் தாள்கள். காபி வேண்டாம் என்றார்.

"எல்லாம் சரியா கீதும்மா. ஆனா அந்த அப்பங்காரன் ஏன் வேணாங்கிறான்? அத்த மட்டும் நீ எழுதவே இல்லியே."

உண்மைதான். 'அப்பா மறுத்தார்' என்று ஒரே வரியில் தாண்டியிருந்தேன். ராஜாக்களிடம் காரணம் கேட்டுப் பழக்கமில்லையே எனக்கு!

"எனக்குத் தெரியலை அண்ணே. நீங்க சொல்லுங்க, அப்படியே எழுதிடறேன்" என்று பேனாவை எடுத்தேன். சத்தியமாக, குத்திக்காட்டுவதற்காக அல்ல. கதைக்கு நிஜமாகவே தேவைப்பட்டது.

யோசித்தார். பையன் குடிக்க மாட்டான், கைத்தொழில் இருக்கிறது, பெண்ணுக்கும் பிடித்திருக்கிறது என்று தனக்குத்தானே ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார். கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. வாய் வரை வந்தது. என் பேனாவைப் பார்த்தார். நிறுத்திக்கொண்டார்.

"வேணாம்மா. எழுதுனா அசிங்கமா கீது."

தாள்களை மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

ராஜா காலத்துக் கதையில் நாம் எல்லோருமே காதலர்கள் கட்சிதான். அதற்குப் பெரிய மனசு எதுவும் தேவையில்லை. கதை நம் தெருவுக்கு வரும்போதுதான் நாம் எந்தக் கட்சி என்று நமக்கே தெரிகிறது — எழுதுகிற என்னையும் சேர்த்துத்தான்.

போன ஞாயிறு தினேஷைச் சாப்பிட வரச்சொல்லியிருக்கிறார் ஏழுமலை. வஞ்சிரம் வறுவல், இறால் தொக்கு. ஆனால் மறுநாள் வந்த கலைவாணிக்கு ஒரே குறை. கல்யாணப் பேச்சையே எடுக்கவில்லையாம். ஒரு மணி நேரமும் இரண்டு பேருமாகச் சேர்ந்து எண்ணூர் நெடுஞ்சாலையின் கன்டெய்னர் லாரி நெரிசலைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்களாம்.

அசடே... எங்கள் ஏரியாவில் அதற்குப் பெயர்தான் சம்பந்தம் பேசுவது!