கப்பலில் கட்டிய காப்பு

கப்பலில் போக வேண்டும் என்று ஆசைப்பட்டது நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் இதைப் படித்துவிட்டு, "உண்மைய எழுது" என்று ஆரம்பித்துவிடுவார்.

நான் ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். தையல் மெஷின்மேல் செல்போனைச் சாய்த்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்வேன். ஒருநாள் அதில் ஒரு குடும்பம் கப்பல் மாடியில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுவதைப் பார்த்தேன். நடுக்கடலில் இட்லி! அன்றிலிருந்து என் வாய் சும்மா இருக்கவில்லை. எங்கள் ஊர் சங்கராபுரத்துக்கு மேற்கே, கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கிறது. மழை பெய்தால்தான் ஓடையில் தண்ணீர். அங்கே உட்கார்ந்துகொண்டு கப்பல் கப்பல் என்று நான் அரற்றியதைக் கேட்டுக் காது புளித்துப்போன என் தம்பி, சென்னையில் வேலை பார்ப்பவன், எங்கள் மகளின் முழுப்பரீட்சை லீவுக்கு மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டான். சென்னைத் துறைமுகத்தில் ஏற்றி, இரண்டு ராத்திரி கடலில் சுற்றிக் காட்டி, மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு அங்கேயே இறக்கிவிடுவார்கள். பிள்ளை குட்டிகளோடு போகிறவர்களுக்கென்றே விடுகிற கப்பல்.

டிக்கெட் எடுத்து ஒரு மாதம் கழித்து, ஊர்க்கூட்டம் போட்டு மாரியம்மன் திருவிழாவுக்கு நாள் குறித்தார்கள். காப்புக் கட்டுகிற நாள் எது என்று பார்த்தால், நாங்கள் கப்பலை விட்டு இறங்குகிற அதே நாள். சாயந்தரம், பொழுது சாய்வதற்குள்.

எங்கள் ஊரில் கரகம் தூக்குவது ஏழு பங்காளி வீடுகளுக்கு முறை வைத்து வரும். இந்த வருஷம் எங்கள் வீட்டு முறை. காப்புக் கட்டும்போது கரகக்காரர் கோயில் முன்னால் நின்று வலது கையை நீட்ட வேண்டும். ஆள் வரவில்லையென்றால் காத்திருக்க மாட்டார்கள். மஞ்சள் கயிற்றை அடுத்த வீட்டுக்காரர் கையில் கட்டிவிடுவார்கள், முறையும் போய்விடும். போன தடவை எங்கள் முறை வந்தபோது என் மாமனார் கால் எலும்பு முறிந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தார். கூட இருந்து பார்த்துக்கொண்டவர் என் வீட்டுக்காரர். இரண்டு பேருமே ஊரில் இல்லை. அந்தக் குறையோடுதான் மாமனார் போய்ச் சேர்ந்தார். அந்த முறைக்கு முன்னால் ஏழு, பின்னால் ஏழு, ஆகப் பதினாலு வருஷம் என் வீட்டுக்காரர் இந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்தார்.

"கப்பலு வேணாங்க, தம்பிகிட்ட சொல்லிடலாம்" என்றேன். வாயால்தான் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"காலீல எட்டு மணிக்கு எறங்கறோம். காப்பு சாயந்தரம் ஆறரைக்கு. எவ்ளோ நேரம் கீது! நடந்தேகூட வந்துடலாம். போய் துணிய எடுத்து வை."

கரகக்காரருக்குக் கடுமையான விரதம் உண்டு. கறி மீன் கூடாது. செருப்பு கூடாது. உடம்பில் கத்தி, கத்திரி என்று வெட்டுகிற இரும்பு படக்கூடாது, அதனால் சவரம் இல்லை, நகம் வெட்டுவதும் இல்லை. காப்பு ஏறப்போகிற வலது கையில் வாட்ச், கயிறு எதுவும் இருக்கக்கூடாது. ஆக, பதினைந்து நாள் தாடியும் மஞ்சள் வேட்டியும் வெறுங்காலுமாக என் வீட்டுக்காரர் கப்பல் ஏறினார். சுற்றிலும் அரைக்கால் சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஜனங்கள். எனக்கு மானம் போனது. அவருக்கு ஒன்றும் போகவில்லை.

ஏறுகிற இடத்திலேயே வினை வந்தது. வாசலில் ஒரு பெண் சிரித்த முகத்தோடு நின்றுகொண்டு, குடும்பமாக வந்த எல்லோர் கையிலும் நீலப் பட்டை ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தாள். அதைக் காட்டினால்தான் சாப்பாட்டுக் கூடத்தில் விடுவார்களாம். மகளுக்கு மாட்டினாள், எனக்கு மாட்டினாள். அவர் முறை வந்தது. எங்கள் பக்கத்தில் யாராவது ஒன்றைக் கொடுத்தால் இடது கையை நீட்ட மாட்டோம், அது மரியாதையே இல்லை. பழக்க தோஷத்தில் அவர் வலது கையை நீட்டினார். டிக்கென்று பூட்டிக்கொண்டது.

"ஐயையோ" என்று அவர் போட்ட சத்தத்தில் பின்னால் நின்ற குழந்தை ஒன்று அழ ஆரம்பித்தது.

நான் அந்தப் பெண்ணிடம் காப்பு, கரகம், மாரியம்மன் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, உடனே ஒரு கத்திரிக்கோலைக் கொண்டுவந்தாள். இவர் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "இரும்பு ஆவாதும்மா! இரும்பு ஆவாது!" கழற்றினால் சோறு கிடையாது, அறுத்தால் விரதம் கிடையாது. கடைசியில் பட்டையோடுதான் உள்ளே போனோம்.

கப்பல் கிளம்பியதே எங்களுக்குத் தெரியவில்லை. மகள்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, மெட்ராஸு நவுருதும்மா!" என்று கத்தினாள். பார்த்தால் கட்டடங்கள் எல்லாம் மெதுவாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அவர் கையை நான் பிடித்திருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் நாலு பேர் முன்னால் நாங்கள் கை பிடித்து நின்றது அதுதான் முதல் தடவை.

அப்புறம் எங்களைப் பிடிக்க முடியவில்லை. லிஃப்டில் காரணமே இல்லாமல் பத்து தடவை ஏறி இறங்கினோம். மொட்டைமாடியில் நீச்சல் குளம். கடலுக்கு மேல் ஒரு குளத்தைக் கட்டி, அதற்குள் சறுக்குமரத்தையும் வைத்திருக்கிறார்கள்! மகள் சறுக்கிச் சறுக்கி உள்ளங்கை எல்லாம் ஊறிப்போய் நின்றாள். ஒரு வித்தைக்காரர் மேடைக்குக் கூப்பிட்டு, என் காதிலிருந்து கோழிமுட்டை எடுத்தார். சாப்பாட்டுக் கூடத்தில் வெறுங்காலோடு விட மாட்டோம் என்றார்கள். பிறகு அவர்களே அறையிலிருந்து வெள்ளைத் துணிச் செருப்பு கொண்டுவந்து கொடுத்தார்கள். தோல் இல்லை, துணிதானே என்று இவர் நாலு தடவை தடவிப் பார்த்துவிட்டுத்தான் போட்டார். எத்தனையோ தினுசு பண்டம் இருந்தும், தயிர்சோறும் தர்பூசணியுமே அவருக்கு மூன்று வேளையும். நான் அவர் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டேன். நடுக்கடல் இட்லி கல் மாதிரி இருந்தது. இருந்தாலும் ஆறு சாப்பிட்டேன்.

மஞ்சள் வேட்டியும் தாடியும் பார்த்து அவரைச் சாமியார் என்று நினைத்துவிட்டார்கள். வடநாட்டு அம்மா ஒருவர் குடும்பத்தோடு வந்து, இரண்டு வாழைப்பழத்தை அவர் கையில் வைத்து, காலைத் தொட்டுக் கும்பிட்டார். "யம்மா, நான் மக்காச்சோளம் போடறவம்மா" என்று இவர் பின்னாலேயே நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டார். மகள் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டாள்.

இரண்டாம் நாள் காலையில் நாலு பக்கமும் தண்ணீரைத் தவிர எதுவுமே இல்லை. அவர் வெகுநேரம் கம்பியில் சாய்ந்து நின்றார்.

"இவ்ளோ தண்ணி கீது, ஒரு வரப்பு இல்ல பாரு. இன்னாருதுன்னு யாரும் சண்டைக்கு வரமாட்டான்" என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "நல்ல வேள, இட்டாந்த" என்றார். அந்த வார்த்தை போதும், அப்போதே கப்பலைத் திருப்பியிருந்தாலும் நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றோம். சென்னை கண்ணுக்குத் தெரிந்தது. கலங்கரை விளக்கம் தெரிந்தது. ஆனால் கப்பல் அசையவில்லை. உள்ளே வேறொரு கப்பல் நிற்கிறது, அது நகர்ந்தால்தான் நமக்கு இடம் என்றார்கள். எட்டு ஆயிற்று, ஒன்பது ஆயிற்று, பத்தும் ஆயிற்று. அவர் பையைக்கூட இறக்காமல் கரையையே பார்த்து நின்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் இட்லி ஆசைக்காக ஒரு மனுஷனின் பதினாலு வருஷத்தைக் கொண்டுபோய்க் கடலில் நிறுத்திவிட்டேனே என்று எனக்கு அழுகை வந்தது. முகம் கழுவுகிற சாக்கில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

செல்போனில் சிக்னல் வந்ததும் முதலில் கூப்பிட்டது என் கொழுந்தன். என் வீட்டுக்காரருக்குப் பங்காளி முறையில் தம்பி. இவர் வராவிட்டால் முறை போய்ச் சேரவேண்டிய அடுத்த வீட்டுக்காரன் அவன்தான்.

"அண்ணி, எங்க வந்துக்கினு கீறீங்க?"

"இன்னும் எறங்கவே இல்ல."

"அப்பிடியா!" என்று வைத்துவிட்டான். அந்த "அப்பிடியா" எனக்குப் பிடிக்கவில்லை.

ஒருவழியாக இறங்கி வெளியே வந்தபோது மணி பன்னிரண்டு. ஆட்டோவில் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு. விழுப்புரம் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது, ஓடிப்போய் ஏறினோம். மூச்சு வாங்கி உட்கார்ந்த பிறகுதான் அவர் கையைப் பார்த்தேன். நீலப் பட்டை அப்படியே இருந்தது. கப்பலிலேயே சோப்பு போட்டு இழுத்துப் பார்த்திருந்தோம். இப்போது தலைக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெயைத் தடவி இழுத்தேன். மண்வெட்டி பிடித்து அகன்ற கை அது. பட்டை கட்டைவிரல் மூட்டைத் தாண்டவில்லை.

"வுடு, பூசாரிகிட்ட கேட்டுக்கலாம். மொதல்ல போய்ச் சேரணும்" என்றார்.

செங்கல்பட்டில் கொழுந்தன் மறுபடி கூப்பிட்டான். திண்டிவனத்தில் ஒருமுறை, விழுப்புரத்தில் பஸ் மாறும்போது ஒருமுறை. ஒவ்வொரு தடவையும் "எங்க வந்துக்கினு கீறீங்க"தான். "எவ்ளோ லேட்டுன்னு கணக்கு பாக்கறான் உங்க தம்பி" என்று நான் பொரிந்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திருக்கோவிலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது மணி ஐந்து. அங்கிருந்து சங்கராபுரம் பஸ், பிறகு ஊருக்கு டவுன் பஸ். முடியவே முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போது, "அண்ணி! இந்தப் பக்கம்!" என்று ஒரு குரல். சோளமூட்டை ஏற்றுகிற குட்டி யானை வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, வேர்வையோடு கொழுந்தன் நின்றுகொண்டிருந்தான். நாங்கள் எங்கே வருகிறோம் என்று கேட்டுக் கேட்டு, அதற்குத் தகுந்தாற்போல் ஊரிலிருந்து இவ்வளவு தூரம் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான். என் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.

"ஏறுங்க அண்ணி, அப்புறம் பேசிக்கலாம்" என்றான்.

முன்னால் அவர்கள் இரண்டு பேரும், பின்னால் சோளச் சருகுக்கு நடுவில் நானும் மகளும். இரண்டு பக்கமும் கரும்பும் மரவள்ளியும் ஓடின. சங்கராபுரம் தாண்டியதும் எதிரே மலை நீலமாக எழுந்தது. மலைக்கு மேல் ஒரு முழம் உயரத்தில் சூரியன் நின்றது. "அம்மா, கப்பலவிட இது ஜாஸ்தி ஆடுது!" என்று மகள் கூவினாள். நிஜமாகவே எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஊர் எல்லைக்கு வரும்போதே பம்பை மேளச் சத்தம் கேட்டது.

அவர் ஓடும் வண்டியிலிருந்தே குதித்து, கோயில் வாசல் குழாயில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு போய்க் கையை நீட்டினார். பூசாரி மஞ்சள் கயிற்றை எடுத்தவர் நிறுத்திவிட்டார்.

"இன்னாபா இது கையில?"

"கப்பல்ல கட்டனதுங்க."

பம்பை நின்றது. ஊரே அவர் கையைப் பார்த்தது. "கத்திரிக்கோல எடுத்தாங்கடா" என்றது ஒரு குரல். "இரும்பு ஆவாதுடா" என்றது இன்னொன்று. பூசாரி மலையைத் திரும்பிப் பார்த்தார். சூரியனில் பாதி போய்விட்டது. வேறு வழியில்லாமல், "அடுத்த வூட்டுக்காரன் வாப்பா, கைய நீட்டு" என்றார்.

கொழுந்தன் முன்னால் வந்தான். வந்து நின்று, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "எங்கண்ணன் கீறாரு" என்றான்.

அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. மெஷினில் உட்கார்ந்தால் நான் கத்திரிக்கோல் தேட மாட்டேன். நூலைப் பல்லால்தான் கடித்து அறுப்பேன். "பல்லு போயிடும்" என்று அவர் கத்தாத நாளில்லை. பஸ்ஸில் எண்ணெய் தேடிய எனக்கு இந்தப் பல் ஞாபகம் வரவில்லை பாருங்கள்! கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். ஊர் பார்க்க, பெரியவர்கள் பார்க்க, அவர் கையைப் பிடித்து வாயில் வைத்து, நீலப் பட்டையைக் கடித்தேன். அது நூல் இல்லை, லேசில் விடவில்லை. கடைவாய்க்குத் தள்ளி, கண்ணை மூடிக்கொண்டு, மூன்று நாள் பயத்தையும் சேர்த்து ஒரே இழுப்பாக இழுத்தேன். அறுந்தது.

பம்பை மறுபடி முழங்கியது பாருங்கள், காது கிழிந்துவிட்டது. பூசாரி வேப்பிலையோடு சேர்த்துக் கயிற்றை மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினார். கொழுந்தன் கத்திய கத்தலில் அவன் தொண்டை அன்றோடு போயிற்று.

கட்டி முடித்த கையோடு அவர் என்னைப் பார்த்தார். கண் இரண்டும் நிறைந்திருந்தது.

"பல்லு போயிடும்டி" என்றார்.

"போனாப் போவுது" என்றேன்.